டிரெய்லரில் வந்த பேய், படத்தில் வராத பேய்: ஒரு குறும்படத்தின் இரண்டு திரையிடல்கள்

பின்னணி

38 நிமிடத் திகில் படம் ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து எடுத்தோம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், பணம் போட்ட நண்பர், அப்புறம் நான். எனக்கு விளம்பரப் பொறுப்பு. அதில் எனக்கு முன்அனுபவம் கிடையாது. மற்ற நால்வர் கையிலும் வேலை இருந்தது, அதனால் என்னிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். படத்தின் பெயரையோ இதில் வருகிறவர்களின் பெயர்களையோ இங்கே சொல்லப்போவதில்லை.

கதை சின்னது. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகள் வீடு திரும்புகிறாள். அப்பா தினமும் ராத்திரி, பூட்டிய அறைக்கதவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறதா இல்லையா என்பதைப் படம் கடைசி வரை சொல்லாது. பேய் என்று ஒன்று திரையில் தோன்றவே தோன்றாது. ஜம்ப் ஸ்கேர், அதாவது திடுக்கிட வைக்கும் இடங்கள், மொத்தமே நான்கு. அதில் ஒன்று, சமையலறையில் பாத்திரம் உருண்டு விழுவது.

அப்பாவாக நடித்தவர் பல வருஷங்களாக நகைச்சுவைத் துணைவேடங்களில் வருபவர். பெயர் தெரியாதவர்கள்கூட முகத்தைப் பார்த்ததும் "ஓ, இவரா" என்பார்கள். சிரிக்க வைத்தே பழகிய முகம் அசையாமல் இருந்தால், பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று அடிவயிற்றில் தோன்றும் என்பது இயக்குநரின் கணக்கு. ஒத்திகையில் எங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. நாங்கள் மூன்று வாரம் அவரோடு பழகியிருந்தோம். டிக்கெட் வாங்காமல் வந்து உட்காரும் ஒருவருக்கு அந்த மூன்று வாரம் கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் டிரெய்லர்

எடிட்டர் 70 விநாடியில் வெட்டிக் கொடுத்தார். படத்திலிருந்த நான்கு ஜம்ப் ஸ்கேரும் அதில் இருந்தன. போதாது என்று, படத்தில் இல்லாத இரண்டைச் சேர்த்தார்: படப்பிடிப்பின்போது விளையாட்டாக எடுத்த ஒரு கை, மகள் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கும் ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் காதைக் கிழிக்கும் ஒலி. "அம்மா இன்னும் போகலை" என்ற வரியோடு முடியும்.

எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எவரும் எதிர்க்கவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் எடிட்டர் மேல் பழி போடும் பேச்சு வந்தபோது, ஐந்து பேருமே அந்த 70 விநாடியைப் பார்த்துக் கைதட்டியவர்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அப்பாவின் முகத்தை டிரெய்லரில் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. 2024-இல் வந்த லாங்லெக்ஸ் என்ற ஆங்கிலத் திகில் படத்தின் விளம்பரங்களில், அதில் நடித்த நிக்கோலஸ் கேஜின் முகத்தை மறைத்தே வைத்திருந்தார்கள். அது ஏற்படுத்திய ஆர்வத்தைப் பார்த்து, நாமும் மறைப்போம் என்றேன். கேஜ் அதில் நடிக்கிறார் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். எப்படி இருக்கிறார் என்பதுதான் தெரியாது. நாங்களோ முகத்தையும் மறைத்தோம், அவர் இருக்கிறார் என்ற செய்தியையும் மறைத்தோம். இந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை.

டிரெய்லர் வெளியானதும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். பணம் போட்ட நண்பர் அன்று இரவு தூங்கவில்லை என்றார், சந்தோஷத்தில்.

"காணவில்லை" போஸ்டர்

அந்த உற்சாகத்தில் செய்ததுதான் இது. மகளாக நடித்தவரின் படத்தைப் போட்டு, "காணவில்லை" என்று தலைப்பிட்டு, கீழே ஒரு தொலைபேசி எண் கொடுத்து 24 போஸ்டர்கள் ஒட்டினோம். படத்தின் பெயரோ திரையிடல் பற்றிய குறிப்போ அதில் கிடையாது. எண்ணுக்கு அழைத்தால் பதிவு செய்த ஒரு குரல் கதவைப் பற்றி ஏதோ முணுமுணுக்கும். அதன் பிறகு திரையிடல் விவரம் வரும் என்பது திட்டம். பதிவுக் குரலை அமைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரி, அதுவரை நானே எடுக்கிறேன் என்றேன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பது சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 1999-இல் பிளேர் விட்ச் ப்ராஜெக்ட் என்ற அமெரிக்கத் திகில் படத்துக்கு இதைத்தான் செய்தார்கள். நடித்த மூவரும் உண்மையிலேயே காணாமல் போனவர்கள் என்பது போல இணையதளம், போஸ்டர்கள். நடிகர்களை விளம்பரத்தில் தலைகாட்டவே விடவில்லை. சுமார் 60,000 டாலரில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படம் உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறோம். நாயகியின் தாயாருக்கு, மகள் இறந்துவிட்டதாக நம்பியவர்கள் அனுதாப அட்டைகள் அனுப்பினார்கள் என்பதும் அதே கதையின் பகுதிதான். எனக்கு அதுவும் தெரியும். தெரிந்தும், ஒரு சுவையான துணுக்காகத்தான் அதை மனதில் வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை ஓர் அழைப்பு வந்தது. வயதான பெண்மணியின் குரல்.

"தம்பி, அந்தப் பொண்ணை நேத்து பஸ் நிறுத்தத்துல பார்த்தேன். தோள்ல பை மாட்டியிருந்தா. அந்த மூக்கு, அந்த நெத்தி, அவளேதான். நான்தான் கூப்பிட்டு விசாரிக்காம விட்டுட்டேன்."

அது ஒரு படத்துக்கான விளம்பரம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்போ அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்காளா?"

"நல்லா இருக்காங்கம்மா. நடிக்கிறவங்க."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவே போஸ்டர்களைக் கிழித்துவிடுவது என்று சொன்னேன். பணம் போட்டவர் எதிர்த்தார்: ஒரே ஓர் அழைப்பு, அதற்குள் பயப்படலாமா? இயக்குநர் என் பக்கம் நின்றார். அவர் சொன்ன வாதம் எனக்குப் பிறகும் பயன்பட்டது. 1950களில் வில்லியம் காசில் என்ற அமெரிக்க இயக்குநர் விளம்பர வித்தைகளுக்குப் பேர்போனவர். 1958-இல் தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் செத்தால் 1,000 டாலர் தருவதாகப் பார்வையாளருக்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். அடுத்த வருஷம் ஒரு படத்துக்கு இருக்கைகளுக்கு அடியில் அதிர்வுக் கருவி பொருத்தினார். ஆனால் அந்த விளையாட்டில் சிக்கியவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கி, விளையாட வந்தவர்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பாட்டி எங்கள் விளையாட்டுக்கு வரவில்லை. அவரை நாங்களாகவே இழுத்துப் போட்டோம்.

24 ஒட்டியிருந்தோம். விடிவதற்குள் 22-ஐக் கிழித்தோம். மீதி இரண்டு எங்கே ஒட்டப்பட்டன என்று ஒட்டியவருக்கே நினைவில்லை.

முதல் திரையிடல்

எழுபது பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கு. கிட்டத்தட்ட நிறைந்தது. பாதிப் பேராவது டிரெய்லர் பார்த்து வந்தவர்கள். நான் கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன்.

நான்காவது நிமிடத்தில் அப்பா முதல்முறையாகத் திரும்பி முகம் காட்டுகிறார். படத்தின் மிக முக்கியமான ஷாட் அது, ஒளிப்பதிவாளர் அதற்காக அரை நாள் செலவழித்திருந்தார். அரங்கு சிரித்தது. கேலிச் சிரிப்பு கிடையாது. தெரிந்த முகத்தைப் பார்த்த மகிழ்ச்சிச் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார். அதன் பிறகு பத்து நிமிடம் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் எங்காவது ஒரு மூலையில் சிரிப்பு தயாராக இருந்தது. இறந்த மனைவியிடம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் இடத்திலும்.

பதினைந்தாம் நிமிடத்திலிருந்து கைபேசி வெளிச்சங்கள். எண்ணினேன், ஒரு கட்டத்தில் ஒன்பது. ஜம்ப் ஸ்கேர் வரும் இடங்களில் தலைகள் நிமிர்ந்தன, ஆனால் எவரும் துள்ளவில்லை. நான்கையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களே. படம் முடிந்ததும் சில விநாடிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். பின்னால் ஒரு சீட்டைப் பார்த்துப் புரிந்தது: "பேய் வரும்னு வெயிட் பண்ணோம், பேர் போட்டுட்டாங்க."

சீட்டுகளில் இருந்தவை

வெளியே போகும் வழியில் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, ஒரு வரி எழுதச் சொன்னோம். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் பிடிக்கவில்லை என்ற ரகம்.

"டிரெய்லரே போதும், படம் தேவையில்லை."

"அந்தக் கை எங்கப்பா?"

"இவருக்கு சீரியஸ் செட் ஆகாது."

"ஓவர் பில்டப்."

"மொக்கை." இது மட்டும் நான்கு சீட்டுகளில், நான்கு வெவ்வேறு எழுத்துநடைகளில்.

இயக்குநர் முதல் பத்தைப் படித்துவிட்டு மீதியைத் தொடவில்லை. எடிட்டர், சாதாரண ஜனங்களின் கருத்தில் என்ன இருக்கிறது, போகிற போக்கில் எழுதியது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகிற போக்கில் எழுதியதால்தான் அதில் நடிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து சீட்டுகளை இரண்டாகப் பிரித்தேன். படத்தில் இருந்த ஒன்றைப் பற்றிப் பேசுபவை ஒரு பக்கம். படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுபவை இன்னொரு பக்கம். "மெதுவா போகுது", "மகள் நடிப்பு நல்லா இருக்கு", "கதவு சத்தம் சூப்பர்" எல்லாம் முதல் அடுக்கு. "பேய் எங்கே", "கை எங்கே", "அம்மாவைக் காட்டவே இல்லை" எல்லாம் இரண்டாவது. இரண்டாவது அடுக்கு வெளிப்படையாகவே உயரமாக இருந்தது. "மொக்கை" நான்கையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்தேன்.

அந்த இரண்டாவது அடுக்கில் இருந்தவர்கள் எங்கள் படத்தைப் பற்றிக் கருத்து சொல்லவே இல்லை. நான் டிரெய்லரில் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அதில் அவர்கள் சொன்னது அத்தனையும் சரி.

முதல் அடுக்கில் ஒரு சீட்டு தனியாக நின்றது: "அப்பாவா வந்தவரைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. பயம் வரலை, ஆனா வீட்டுக்குப் போனதும் எங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணணும்னு தோணுது."

முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் கூடினோம். மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. பணம் போட்டவர், இரண்டு நாள் படப்பிடிப்பு வைத்துப் பேயைக் காட்டிவிடலாம் என்றார். எடிட்டர், படத்தை 25 நிமிடமாகக் குறைக்கலாம் என்றார். நான், படத்தைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் மாற்றி இன்னொரு திரையிடல் வைப்போம் என்றேன்.

என் பக்கம் இருந்த பெரிய ஆதாரம் அந்த இரண்டு அடுக்குகள்தான். கூடவே இன்னொன்றையும் சொன்னேன். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் முதல் இரவே அரங்க வாசலில் சீட்டு கொடுத்துப் பார்வையாளரிடம் ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் வாங்குகிறது. 2017-இல் வந்த இட் கம்ஸ் அட் நைட் படத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள். முதல் நாள் பார்வையாளர் கொடுத்தது டி. தலைப்பும் டிரெய்லரும் இரவில் ஏதோ ஒன்று வரும் என்று நம்ப வைத்தன, படத்தில் அப்படி ஒரு ஜந்து வரவே வராது. அடுத்த வருஷம் ஹெரிடிட்டரிக்கு டி பிளஸ். அந்தப் படத்தை இன்று திகில் ரசிகர்கள் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததே. எங்கள் படம் அவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று நான் சொல்லவில்லை, எங்கள் சறுக்கல் அதே இடத்தில் நடந்தது என்றேன்.

பேயைச் சேர்க்கும் யோசனையை இயக்குநர் ஒரே வார்த்தையில் மறுத்தார். குறைப்பது பற்றி மட்டும் நீண்ட வாக்குவாதம். கடைசியில், படத்தின் நீளத்தைத் தொடுவதில்லை, பாத்திரம் விழும் ஒலியை மட்டும் குறைப்பது என்று ஒப்புக்கொண்டோம். இந்தச் சின்ன மாற்றத்தைச் செய்திருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

புதிய டிரெய்லர் ஒரே ஷாட், 50 விநாடி. அப்பா கதவின் முன் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவர் முகத்துக்கு நேராக. அன்றைக்கு நடந்ததையெல்லாம் கதவிடம் சொல்கிறார். பேசி முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். அவ்வளவுதான். "இதுல என்னப்பா இருக்கு? இதுக்குப் பேர் டிரெய்லரா?" என்றார் எடிட்டர். 1960-இல் சைக்கோ என்ற திகில் படத்துக்காக ஹிட்ச்காக் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் டிரெய்லர் எடுத்தார். அதில் அவர் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக் காட்டியபடி தானே பேசிக்கொண்டு போகிறார், கதை நடக்கவே நடக்காது என்று எங்கள் இயக்குநர் சொன்னார். எடிட்டருக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் அந்த 50 விநாடியில் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதை அவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். என்னால் முடிந்திருக்காது.

முகத்தைக் காட்டுவது என்ற முடிவு நடிகரிடமிருந்தே வந்தது. முதல் திரையிடலில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு எழுந்தபோது நான் சங்கடப்பட்டேன், அவர் படவில்லை. "தம்பி, ஜனங்க என்னைப் பார்த்தா முதல்ல ஒரு தடவை சிரிப்பாங்க. அது என் சம்பாத்தியம். அதை வாசல்லயே சிரிச்சு முடிக்க விடுங்க, உள்ளே வந்து சிரிக்க மாட்டாங்க" என்றார். நடிகர் தேர்வு தவறு என்று மற்ற நான்கு பேரும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

இரண்டாவது திரையிடல்

ஐந்து வாரம் கழித்து, அதே அரங்கு. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர். புதிய டிரெய்லரைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை பழையதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. நேர்மையாகச் சொன்னதற்கு நாங்கள் கொடுத்த விலை இது. பணம் போட்டவர் காலி நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்காவது நிமிடம். ஒரே ஒருவர் சிரிக்கத் தொடங்கி, துணைக்கு யாரும் இல்லாமல் நிறுத்திக்கொண்டார். மாத்திரை வசனத்தில் சத்தமே இல்லை. பாதியில் இருவர் எழுந்து போனார்கள். கைபேசி வெளிச்சம் அதிகபட்சம் இரண்டு. புதிய டிரெய்லரில் ஜம்ப் ஸ்கேர் எதையும் வைக்காததால், மூன்று இடங்களில் அரங்கு உண்மையாகவே துள்ளியது. நான்காவது, ஒலி குறைத்த பாத்திரம், யாரையும் அசைக்கவில்லை.

இம்முறை சீட்டில் இரண்டு கேள்விகள்: வரும்போது என்ன எதிர்பார்த்தீர்கள், பார்த்த பிறகு என்ன தோன்றுகிறது. "மெதுவா போகுது" இப்போதும் நிறைய. "கொஞ்சம் இழுவை." "முடிவு புரியலை, ஆனா பரவாயில்லை." பிடித்தது என்றவர்கள் பாதிக்கு மேல். "பேய் எங்கே" என்று ஒரே ஒரு சீட்டு. அதிலும் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தது.

இதை வைத்து டிரெய்லர்தான் எல்லாம் என்று சாதிக்க முடியாது. இரண்டாவது முறை வந்தவர்கள் மெதுவான படத்துக்குத் தயாராக இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் அந்த டிரெய்லர் சலித்துக் கொடுத்தது. வந்தவர்களில் சிலர் எங்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். போதாததற்குப் பாத்திர ஒலியையும் மாற்றிவிட்டோம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டை மாற்றியது என் அவசரம். எனக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: நடிகர் அதே நடிகர், நான்காவது நிமிடம் அதே நான்காவது நிமிடம், "செட் ஆகாது" என்ற சீட்டு இரண்டாவது முறை ஒன்றுகூட வரவில்லை.

மறுபடி செய்தால்

எதிர்பார்ப்பைக் கேட்கும் கேள்வியை முதல் திரையிடலிலேயே, அதுவும் படம் தொடங்குவதற்கு முன்பே கேட்பேன். பார்த்த பிறகு கேட்டால் எதிர்பார்ப்பும் திருத்தி எழுதப்பட்டுவிடுகிறது. டிரெய்லரைப் படம் பார்க்காத நான்கைந்து பேரிடம் போட்டுக் காட்டி, கதை என்னவாக இருக்கும் என்று சொல்லச் சொல்வேன். அரை மணி நேர வேலை. அவர்கள் சொல்லும் கதை எங்கள் கதைக்குப் பக்கத்திலாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சத்தமான டிரெய்லரே கூடாது என்ற கட்சியில் நான் இல்லை. சத்தமான படத்துக்கு அது வேண்டும். முதல் டிரெய்லரை எடிட்டர் அருமையாகத்தான் வெட்டியிருந்தார், அதற்கேற்ற படம் எங்களிடம் இல்லை. இப்போது அவர் அந்தக் கையை வைத்துத் தனியாக ஒரு மூன்று நிமிடப் படம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"காணவில்லை" போஸ்டரை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி செய்ய மாட்டேன். படத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டால்கூட.

தொலைபேசி எண்ணை இன்னும் வைத்திருக்கிறேன். பதிவுக் குரல் வைக்கவில்லை, நானே எடுக்கிறேன். கண்டுபிடிக்க முடியாமல் போன அந்த இரண்டு போஸ்டர்கள் எங்கோ ஒட்டியபடியே இருக்க வேண்டும். கடைசி அழைப்பு இரண்டாவது திரையிடல் முடிந்து நான்கு மாதம் கழித்து வந்தது. ஒரு சின்னப் பையன். "அக்கா கிடைச்சுட்டாங்களா?" என்றான்.